பேக்கேஜா, வீட்டுக்கு வரும் லேபா, சுகாதார நிலையமா, தெருமுனை டாக்டரா?

தை பிறந்து பத்து நாள் ஆகியிருக்காது, பெங்களூரிலிருந்து மகன் போன் செய்துவிடுவான். "அப்பா, ஆஃபர் போட்டிருக்காங்க. 87 டெஸ்ட். உங்களுக்கும் அம்மாவுக்கும் சேர்த்துப் புக் பண்ணிரவா?" 87 என்று சொல்லும்போது அவன் குரலில் ஒரு பெருமை தெரியும். பொங்கலுக்கு எடுத்துத் தந்த வேட்டி சேலையை விட இதில்தான் அவனுக்கு நிறைவு. வேண்டாம் என்றால் முகம் சுருங்கும். சரி என்றால் அடுத்த ஒரு மாதத்துக்கு நமக்குத் தூக்கம் போகும்.

எனக்கு 67 வயது, மனைவிக்கு 63. திருநகரில் இருக்கிறோம். செக்கானூரணிக்குப் பக்கத்து ஊரில் அக்காவும் மாமாவும். அக்காவுக்கு 74, மாமாவுக்கு 78. இந்த ஐந்தாறு வருடத்தில் நாங்கள் நாலு பேருமாகச் சேர்ந்து மதுரையில் இருக்கிற நாலு வழியையும் பார்த்தாகிவிட்டது. பெரிய தனியார் ஆஸ்பத்திரியின் மாஸ்டர் ஹெல்த் செக்கப், வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கும் லேப், அரசாங்கம் தருகிற சேவை, தெருமுனை டாக்டர். எது தேவலை என்று நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, கூட்டுறவு சங்கத்தில் கணக்கு எழுதி ரிட்டயர் ஆனவன். அதனால் எந்தக் காகிதத்தையும் கணக்குப் பிள்ளையின் கண்ணோடுதான் பார்ப்பேன்.

முதலில் பேக்கேஜ். மாமாவுக்கும் எனக்கும் சேர்த்து ஒரே நாளில் எடுத்தோம். காலை ஏழு மணிக்கு வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்கள். செக்கானூரணியிலிருந்து மாமா ஐந்தரைக்கே பஸ் ஏறினார். ரத்தம், சிறுநீர், இசிஜி, எக்ஸ்ரே எல்லாம் கடகடவென்று முடிந்தன. அப்புறம் வயிற்று ஸ்கேன். நீர்ப்பை நிரம்பியிருந்தால்தான் படம் தெளிவாக வரும் என்பதால் ஒரு லிட்டர் பாட்டிலை கையில் கொடுத்துக் குடிக்கச் சொன்னார்கள். 78 வயது ஆண், புராஸ்டேட் வீங்கியவர், ஒரு லிட்டர் தண்ணீர், முன்னால் ஏழு பேர் வரிசை. என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. "இன்னும் மூணு பேர்தான் ஐயா, கொஞ்சம் அடக்கிக்கங்க" என்று ஸ்கேன் அறை வாசலில் இருந்த பெண் நல்ல விதமாகத்தான் சொன்னது. மாமா என் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது. இரண்டாவது ஆள் உள்ளே போகும்போது எழுந்து பாத்ரூமுக்குப் போய்விட்டார். மறுபடி ஒரு லிட்டர்.

டிரெட்மில் அடுத்தது. மாமாவுக்கு இரண்டு முட்டியும் தேய்ந்தவை. ஓடும் பட்டையைப் பார்த்ததுமே, "மாப்ளே, இதுல நான் ஏறுனா இங்கேயே அட்மிட் பண்ணிருவாங்க" என்றார். அதை விட்டுவிட்டோம். விட்டதற்குப் பணம் கழிக்கவில்லை. பேக்கேஜ் என்றால் அப்படித்தானாம்.

இதற்கெல்லாம் பிறகு ஒரு இட்லி பொங்கல் கூப்பன். நான் குறை சொல்ல மாட்டேன், பொங்கல் நன்றாகவே இருந்தது. கடைசியில் வழவழ அட்டை போட்ட ஃபைலோடு டாக்டர் முன்னால் உட்கார வைத்தார்கள். 27 பக்கம். டாக்டர் பார்த்தது ஆறு நிமிடம். அதில் இரண்டு நிமிடம் என் பெயரும் வயதும் சரிதானா என்று கேட்பதில் போனது. என் ஸ்கேனில் வலது சிறுநீரகத்தில் ஒரு நீர்க்கட்டி என்று இருந்தது. "சாதாரணக் கட்டிதான், எதுக்கும் ஒரு சி.டி. எடுத்துப் பாத்துக்கலாம்" என்றார். எடுத்தோம். சாதாரணக் கட்டிதான். வயது ஏற ஏறச் சிறுநீரகத்தில் இப்படி நீர்க்கட்டி வருவது நரை மாதிரி சகஜம் என்று பிற்பாடு எங்கள் தெரு டாக்டர் சொன்னார். அந்தச் சகஜத்தைத் தெரிந்துகொள்ள எனக்கு ஆனது பேக்கேஜ் விலையை விட அதிகம். நடுவில் பத்து நாள் மனைவி சரியாகச் சாப்பிடவில்லை.

இது என் ஒருவனுடைய துரதிர்ஷ்டம் என்று நினைத்திருந்தேன். கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் விளங்கியது. லேப் காகிதத்தில் 'நார்மல்' என்று அச்சடிக்கிறார்களே, அது எப்படி வருகிறது? ஆரோக்கியமான நூறு பேரை எடுத்து அதில் 95 பேருடைய அளவு எந்த எல்லைக்குள் அடங்குகிறதோ அதைத்தான் பெரும்பாலும் நார்மல் என்கிறார்கள். மீதி ஐந்து பேருக்கும் நோய் எதுவும் கிடையாது, ஓரத்தில் நிற்பவர்கள், அவ்வளவுதான். ஆக, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இருபது பரிசோதனை செய்தால், நோயே இல்லாத ஆளுக்கும் ஏதாவது ஒன்றாவது எல்லை தாண்டி வர 64 சதவீதம் வாய்ப்பு. பத்துப் பேர் போனால் ஆறேழு பேர் ஒரு கவலையோடு வீடு திரும்புவார்கள்.

இன்னொன்றும் கவனித்தேன். 87 டெஸ்ட் என்பது 87 தனித்தனிப் பரிசோதனை கிடையாது. ரத்த அணுக்களை எண்ணும் ஒரே பரிசோதனையில் இருபது வரி வரும், அது இருபதாகக் கணக்கு. சிறுநீரில் நிறம், தெளிவு, அடர்த்தி என்று ஒவ்வொன்றும் ஒரு டெஸ்ட். இரண்டு கொழுப்பு அளவுகளை ஒன்றால் ஒன்றை வகுத்து வருகிற விகிதமும் ஒரு டெஸ்ட். வகுத்தல் கணக்குக்குக் காசு வாங்குவதை நான் ஆயுசில் பார்த்ததில்லை.

மாமாவின் பேக்கேஜில் புராஸ்டேட் புற்றுநோய்க்கான பிஎஸ்ஏ-வும் இருந்தது. அறிகுறி எதுவும் இல்லாதவர்களுக்கு 70 வயதுக்கு மேல் அந்தச் சோதனை வேண்டாம் என்றுதான் அமெரிக்கத் தடுப்பு மருத்துவக் குழு 2018-இல் சொன்னது. அந்த வயதில் அதனால் வரும் நன்மையை விட ஊசியும் பயாப்சியும் தருகிற தொல்லை கூடுதல் என்பது காரணம். 'கேன்சர் மார்க்கர்' என்று பேக்கேஜோடு ஒட்டி விற்கிற மற்ற ரத்தச் சோதனைகளும் அப்படியே. நோய் இருப்பவருக்குச் சிகிச்சை எப்படிப் போகிறது என்று பார்க்க உதவுபவை. ஒன்றுமில்லாதவரிடம் தேடிப் பார்க்க அவை சரிப்படாது.

அதற்காகப் பேக்கேஜே மோசடி என்று சொல்பவர்களோடும் நான் சேர மாட்டேன். அவர்கள் கையில் வைத்திருக்கும் ஆயுதம், மருத்துவ ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்க்கிற காக்ரேன் அமைப்பின் 2019 ஆய்வு. 17 ஆராய்ச்சிகள், இரண்டரை லட்சம் பேருக்கு மேல். பொதுவான ஹெல்த் செக்கப்பால் இறப்பு குறைந்ததாகத் தெரியவில்லை என்பது முடிவு. ஆனால் முதியவர்களை மட்டும் வைத்து நடந்த ஆராய்ச்சிகளை அதில் சேர்க்கவே இல்லை. அறுபத்தைந்துக்கு மேலே நம் கதை வேறாக இருக்கலாம். பத்து வருடமாக எந்த டாக்டரையும் பார்க்காதவர், உசிலம்பட்டி, பேரையூர் பக்கமிருந்து ஒரு நாள் மட்டும் ஊருக்கு வர முடிந்தவர், பிள்ளைகள் ஒரு நாள் லீவு போட்டுக் கூடவே நிற்பவர், இவர்களுக்கு ஒரே கூரைக்குள் இசிஜி முதல் எக்ஸ்ரே வரை முடிவது பெரிய வசதி. முதல் தடவைக்கு நல்லது. வருடா வருடம் அதே 27 பக்கம் எதற்கு என்பதுதான் என் கேள்வி.

அடுத்த வருடம் மகன் வீட்டுக்கு வரும் லேபைப் பிடித்தான். இதில் சுகம் உண்டு, மறுக்கவில்லை. காலை ஆறேகால் மணிக்கு பைக்கில் ஒரு தம்பி வந்து, வராந்தா நாற்காலியிலேயே ரத்தம் எடுத்துவிட்டுப் போனான். நடக்க முடியாதவர், படுக்கையில் இருப்பவர், பக்கவாதம் வந்து மாடியில் இருப்பவர் ஆகியோருக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. செலவும் பேக்கேஜில் பாதிக்கும் குறைவு.

ஆனால் அன்று இரவு வாட்ஸ்அப்பில் வந்த பிடிஎஃப்பில் என் பொட்டாசியம் 6.1 என்று சிவப்பு எழுத்தில் இருந்தது. கீழே 'அபாய அளவு, உடனடியாக மருத்துவரை அணுகவும்' என்று ஒரு வரி. மணி ஒன்பதரை. மகன் அங்கே கூகுளைத் திறந்து இதயம் நின்றுவிடும் என்று படித்துவிட்டான். கேப் போட்டு எமர்ஜென்சிக்குப் போய், இசிஜி எடுத்து, மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தால் 4.3. ஒன்றுமே இல்லை.

என்ன நடந்தது என்று அங்கிருந்த இளம் டாக்டர் பொறுமையாக விளக்கினார். பொட்டாசியம் பெரும்பாலும் ரத்த அணுக்களுக்கு உள்ளேதான் இருக்கிறது. ஊசியை வேகமாக இழுத்தாலோ, குழாயைக் குலுக்கினாலோ, எடுத்த ரத்தம் நேரத்துக்குப் பிரிக்கப்படாமல் பையில் கிடந்தாலோ அணுக்கள் உடைந்து, அல்லது கசிந்து, பொட்டாசியம் வெளியே வந்துவிடும். ரத்தத்தில் கூடியதாகக் காகிதம் சொல்லும். சர்க்கரை இதற்கு நேர் எதிர். வெளியே எடுத்த பிறகும் அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டேயிருக்கும். அதைத் தடுக்கத்தான் சாம்பல் நிற மூடி போட்ட தனிக் குழாயில் எடுக்கிறார்கள். என்னிடம் எடுத்த தம்பி எனக்குப் பிறகு இன்னும் நாலைந்து வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. நம்ம ஊர் வெயில் வேறு.

அதனால் வீட்டு லேப் என்றால் நான் இப்போது மூன்று விஷயம் கேட்பேன். ரத்தம் எத்தனை மணிக்குள் லேபுக்குப் போகும், ஐஸ் பெட்டி இருக்கிறதா, சர்க்கரைக்குத் தனிக் குழாயா. லேபின் தரத்துக்குத் தருகிற என்ஏபிஎல் முத்திரை இருக்கிறதா என்றும் பார்ப்பேன். அந்த அங்கீகாரம் லேபின் ஒவ்வொரு பரிசோதனைக்கும் தனித்தனியாகத் தரப்படுவது. வாசலில் முத்திரை இருந்தால் உள்ளே எல்லாம் அதில் சேர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. சாப்பிட்ட பின் சர்க்கரைக்கு இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி வருவதாகச் சொல்வார்கள். இரண்டு மணி நேரம் என்பது முதல் வாய் வைத்ததிலிருந்து. எங்கள் தம்பி மூன்றரை மணி நேரம் கழித்து வந்தான், சிரித்துக்கொண்டே.

அதே பிடிஎஃப்பில் மனைவியின் இஎஸ்ஆர் (ரத்தச் சிவப்பணுக்கள் குழாயின் அடியில் படியும் வேகம்) 34 என்று தடித்த எழுத்தில் இருந்தது. பக்கத்தில் நார்மல் 0–20. 'உடம்பில் எங்கோ கிருமி இருக்கிறது' என்று பக்கத்து வீட்டு மதினி தீர்ப்பே சொல்லிவிட்டார்கள். இஎஸ்ஆர் வயதோடு ஏறுகிற சமாச்சாரம். டாக்டர்கள் கையாளும் ஒரு தோராயக் கணக்கு உண்டு. ஆணுக்கு வயதில் பாதி. பெண்ணுக்கு வயதோடு பத்தைக் கூட்டி அதில் பாதி. 63 வயதுப் பெண்ணுக்கு 36 வரை பரவாயில்லை. இந்த ஒரு வரியைச் சொல்லத்தான் அந்தப் பிடிஎஃப்பில் யாரும் இல்லை. 87 அளவு எடுத்துத் தருகிறவர்கள் உண்டு, உட்கார்ந்து படித்துச் சொல்கிறவர் யார்?

இந்த இடத்தில்தான் அக்கா ஜெயித்தாள். அவளுக்குச் சர்க்கரையும் பிரஷரும் உண்டு. பேக்கேஜ் எதற்கும் போகவில்லை. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' அவள் ஊருக்கும் வந்தது. தன்னார்வலராக அந்த ஊர்ப் பெண்ணே ஒருத்தி வீடு தேடி வருகிறாள். பிரஷர் பார்த்து, விரலில் குத்திச் சர்க்கரை பார்த்து, மாத்திரை தந்துவிட்டுப் போவாள். இந்தத் திட்டத்துக்கு 2024-இல் ஐ.நா.வின் விருது கிடைத்தது. அக்காவுக்கு அது தெரியாது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம், "நம்ம செல்லம்மா பேத்தி வருவா" என்பதுதான்.

நான் ஒருமுறை அங்கே இருந்தபோது அந்தப் பெண் வந்தாள். பிரஷர் 168. அக்கா உடனே, "ராத்திரி கருவாட்டுக் கொழம்பும்மா, அதான்" என்றாள். அந்தப் பெண் ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய் அலமாரியில் இருந்த டப்பாவைத் திறந்து அட்டைகளை எண்ணினாள். "அப்பத்தா, போன தடவை நான் குடுத்ததுல பத்தொம்பது மாத்திர அப்படியே கெடக்கு. கொழம்பு மேல பழியப் போடாதீக" என்றாள். அக்கா திருதிருவென்று முழித்தாள். மாத்திரை போட்டால் ராத்திரி நாலு தடவை எழ வேண்டியிருக்கிறது, கொல்லைப்புறம் இருட்டு, விழுந்துவிடுவோமோ என்ற பயம். அதனால் விட்டுவிட்டாள். "அத காலைல போட்டுக்கலாமான்னு டாக்டரம்மாகிட்டக் கேட்டுச் சொல்றேன்" என்றாள் அந்தப் பெண். கேட்டாள், மாற்றினார்கள். எந்தப் பேக்கேஜின் எந்த டெஸ்ட்டில் இது வந்திருக்கும்?

குறை இல்லாமல் இல்லை. வீட்டு வாசலில் கிடைப்பது பிரஷரும் சர்க்கரையும்தான். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின், சிறுநீர், இசிஜி என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு ஆஸ்பத்திரிக்கோ போக வேண்டும். டவுனுக்குள் நடுத்தரக் குடும்பத்து ஆட்கள் 'அது நமக்கில்லை' என்று அவர்களாகவே ஒதுங்கிக்கொள்கிறார்கள். வீண் கௌரவம் என்பேன்.

பெரியாஸ்பத்திரியைப் பற்றியும் கேட்பார்கள். கோரிப்பாளையம் பக்கம் இருக்கும் அரசு ராஜாஜி மருத்துவமனையை மதுரையில் யாரும் அந்தப் பேர் சொல்லி அழைப்பதில்லை. 1954-இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்தது, எல்லாத் துறையும் உண்டு, காசு கிடையாது. ஆனால் தென் மாவட்டமே அங்கே வந்து நிற்கிறது. உடம்பில் குறிப்பாக ஒரு தொந்தரவு இருந்தால் தயங்காமல் போக வேண்டிய இடம். ஒன்றுமில்லாமல் 'சும்மா ஒரு செக்கப்' என்று 78 வயது மனிதரைக் கூட்டிப்போய் ஓ.பி. சீட்டு வரிசையில் நிறுத்துவது, நிற்பவருக்கும் பின்னால் நிற்கிறவருக்கும் நல்லதல்ல. தோப்பூர் எய்ம்ஸ் வந்தால் கூட்டம் பிரியும் என்றார்கள். அடிக்கல் நாட்டியது 2019 ஜனவரியில். அப்போது எனக்கு அறுபது வயது.

நாலாவது வழி எங்கள் தெருமுனை டாக்டர். ஷட்டர் போட்ட ஒரே அறை, வெளியே இரண்டு பெஞ்சு. முதலில் நாங்கள் அவரைக் காய்ச்சல் டாக்டர் என்றுதான் நினைத்திருந்தோம். மனைவிக்குக் காலையில் எழுந்ததும் தலை சுற்றல் வந்தது. காபி போட எழுந்து அடுப்படி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். இரண்டு வருடப் பேக்கேஜிலும் லேபிலும் எல்லாம் நார்மல். சரி, இவரிடம் காட்டிப் பார்ப்போம் என்று போனோம்.

அவர் ஃபைலைத் திறக்கவில்லை. "வீட்டுல இருக்கிற மாத்திரை, டானிக், நாட்டு மருந்து எல்லாத்தையும் ஒரு பையில போட்டு நாளைக்குக் காலைல பத்து மணிக்கு வாங்கம்மா. சாயந்திரம் வந்தா கூட்டம், என்னால பேச முடியாது" என்றார். மறுநாள் மஞ்சப்பையோடு போனோம். மேசையில் கொட்டினார். சீட்டு விளையாடுகிறவர் மாதிரி அட்டைகளைப் பிரித்துப் பிரித்து அடுக்கினார். இரண்டு அட்டையை எடுத்து மனைவி முன்னால் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று பச்சை, ஒன்று நீலம். கம்பெனி வேறு, பேர் வேறு. "கீழ இருக்கிற சின்ன எழுத்தப் படிங்க" என்றார். கண்ணாடியை இறக்கிப் படித்தேன். இரண்டிலும் டெல்மிசார்ட்டன் 40. பிரஷருக்கு ஒரு டாக்டர் எழுதியது ஒன்று. சர்க்கரைக்குப் பார்க்கப் போன இன்னொரு டாக்டர், சிறுநீரகப் பாதுகாப்புக்கு என்று எழுதியது இன்னொன்று. ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கவில்லை. நாங்களும் காட்டவில்லை. ஒன்றரை வருடமாக ஒரே மருந்தை இரண்டு பங்கு தின்றிருக்கிறாள்.

அப்புறம் படுக்க வைத்து ஐந்து நிமிடம் கழித்துப் பிரஷர் பார்த்தார், 138. எழுந்து நிற்க வைத்து ஒரு நிமிடத்தில் பார்த்தார், 112. நிற்கும்போது மேல் அளவு 20-க்கு மேல் இறங்கினால் விழுவதற்கு வழி என்றார். அதுவரை எந்த இடத்திலும் அவளை நிற்க வைத்து யாரும் பிரஷர் பார்த்ததில்லை. நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்லி, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். 14 வினாடி. 12-க்குள் முடிக்க வேண்டுமாம். இதற்கெல்லாம் மிஷின் எதுவும் இல்லை. ஒரு நாற்காலியும் கொஞ்சம் இடமும் போதும். பழைய ரப்பர் செருப்பைத் தூக்கிப் போடச் சொன்னார், பாத்ரூமில் ராத்திரி விளக்கு ஒன்றை அணைக்காமல் விடச் சொன்னார். பச்சை அட்டையை நிறுத்தினார். மூன்று வாரத்தில் நிலைப்படியைப் பிடிப்பது நின்றது.

அவர் எழுதித் தந்த பரிசோதனை ஒரு கைக்குள் அடங்கும் சீட்டு. ரத்த அணுக்கள், மூன்று மாதச் சர்க்கரை, கிரியாட்டினின், சிறுநீரில் ஆல்புமின், சோடியம் பொட்டாசியம், கொழுப்பு, இசிஜி. நீர் பிரியும் பிரஷர் மாத்திரை போடுகிறவர்களுக்குச் சோடியம் இறங்கும், இறங்கினால் பெரியவர்கள் குழம்பிப் பேசுவார்கள், வீட்டில் 'மறதி நோய்' என்று பயந்துவிடுவார்கள், அதனால் அது. சர்க்கரைக்கு மெட்பார்மின் மாத்திரை பல வருடம் தின்கிறவர்களுக்கு பி12 வைட்டமின் குறையும், அதனால் மனைவிக்கு அது கூடுதல். ஒவ்வொன்றுக்கும் ஒரு 'அதனால்' இருந்தது. மாமாவின் மூன்று மாதச் சர்க்கரை 7.8 என்று வந்தபோது, "இந்த வயசுக்கு இது போதும், இதுக்கு மேல இறக்க வேண்டாம், தாழ்சர்க்கரையில விழுந்து இடுப்பு எலும்பு போனா அது பெரிய பிரச்சனை" என்று விட்டுவிட்டார். பேக்கேஜ் ஃபைலில் அதே அளவுக்குச் சிவப்பு அம்பு போட்டிருந்தார்கள்.

என் விஷயத்தில் அவர் கண்டுபிடித்தது இன்னும் வேடிக்கை. பழைய கணக்குப் பிள்ளை புத்தி, வருடா வருடம் வந்த அளவுகளை ஒரு நீள நோட்டில் பத்தி பத்தியாக எழுதி வைத்திருந்தேன். கிரியாட்டினின் வரிசையில் 0.9, 1.0, 1.1, 1.3. லேபின் எல்லை 1.3 வரை. எந்த வருடமும் தடித்த எழுத்து வரவில்லை, எல்லாமே நார்மல். அவர் விரலை அந்த வரிசையில் ஓட்டிவிட்டு, "முட்டி வலிக்கு என்ன சாப்பிடறீங்க?" என்றார். மெடிக்கல் ஷாப்பில் நானாகவே வாங்கித் தின்ற வலி மாத்திரை, தினம் ஒன்று, இரண்டு வருடமாக. யாரிடமும் சொன்னதில்லை, அதை மருந்தென்றே நினைக்கவில்லை. சிறுநீரகத்தைச் சிரமப்படுத்தியது அதுதானாம். நிறுத்தினேன். அடுத்த வருடம் 1.1.

இந்த வழியின் பலவீனத்தையும் சொல்லிவிட வேண்டும். எல்லாம் அந்த ஒரு ஆளைப் பொறுத்தது. எல்லாத் தெருமுனையிலும் இப்படி ஒருவர் இல்லை. கேட்டதை எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுகிறவர்களும் உண்டு. எங்கள் டாக்டருக்கும் 61 வயது, அவர் கடையை மூடினால் எங்கள் சரித்திரமும் போய்விடும். அதனால் நோட்டு நம் கையில் இருக்க வேண்டும். ஸ்கேன், எக்ஸ்ரே என்றால் வேறு இடம் அலைய வேண்டும். யாரும் போன் போட்டு 'ஐயா, வருடம் ஆச்சு' என்று கூப்பிட மாட்டார்கள்.

கண்ணை மட்டும் இந்த நாலு வழியிலும் சேர்க்காமல் தனியாக வைத்திருக்கிறோம். அந்த விஷயத்தில் மதுரைக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை அண்ணாநகரில் இருக்கிறது. முடக்குவாதத்தில் விரல்கள் வளைந்துபோன மனிதர் அந்தக் கையாலேயே அறுவை சிகிச்சை செய்தார். ஓய்வுக்குப் பிறகு என்ன செய்வது என்று திண்ணையில் புலம்புகிற எங்களைப் போன்றவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டிய ஆள். சர்க்கரை உள்ளவர்கள் வருடம் ஒருமுறை விழித்திரை பார்த்தே ஆக வேண்டும், பார்வை தெளிவாக இருந்தாலும். கண்ணில் சொட்டு மருந்து விட்டால் மூன்று நாலு மணி நேரம் மங்கலாக இருக்கும், துணைக்கு ஆள் வேண்டும், வண்டி ஓட்டக் கூடாது. காது, பல் இரண்டையும் நாங்கள் இன்னும் தள்ளிப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. வருமான வரியில் பழைய முறையில் இருப்பவர்களுக்கு 80டி என்று எல்லோரும் சொல்கிற சலுகையில் தடுப்புப் பரிசோதனைக்கென்று 5,000 ரூபாய் வரை காட்டலாம், ரொக்கமாகக் கட்டியிருந்தாலும். ஆனால் தனக்கு, குடும்பத்துக்கு, பெற்றோருக்கு எல்லாம் சேர்த்துத்தான் 5,000. மெடிக்ளைம் எடுத்திருந்தால் பாலிசிப் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள். பலவற்றில் இலவசச் செக்கப் ஒன்று ஒளிந்திருக்கும். கேட்டால்தான் தருவார்கள்.

யார் எதற்குப் போகலாம் என்று கேட்டால், எங்கள் வீட்டு ஏற்பாட்டைச் சொல்கிறேன். அக்காவுக்கு வீடு தேடி வரும் பெண்ணே போதும். வருடம் ஒருமுறை மட்டும் சுகாதார நிலையத்தில் கிரியாட்டினினும் சிறுநீரும். மாமாவுக்கு இனி ஸ்கேனும் டிரெட்மில்லும் கிடையாது, தொந்தரவு சொன்னால் மட்டும் பார்ப்பது. எங்கள் இருவருக்கும் தெருமுனை டாக்டர், அவர் சொல்கிற லேபுக்கு நாங்களே நடந்து போய்க் கொடுப்பது. நடக்க முடியாத நாள் வந்தால் வீட்டு லேப், மூன்று கேள்வியோடு. என் மச்சினனுக்கு 58, வாழ்நாளில் ஊசி போட்டதில்லை, பெருமையாகச் சொல்லிக்கொள்வான். அவனைத்தான் இந்த வருடம் பேக்கேஜுக்குத் தள்ளிவிட்டிருக்கிறேன். பிரஷர் 160 என்று வந்திருக்கிறது.

செக்கப்பை வைத்துக்கொள்வது மாசிக்குள். சித்திரை வெயிலில், அழகர் வருகிற கூட்டத்தில் பெரியவர்களை வெறும் வயிற்றோடு பஸ் ஏற்றுவது பாவம். பட்டினி என்றால் தண்ணீர் கூடக் குடிக்கக் கூடாது என்று இன்னும் சிலர் நம்புகிறார்கள். வெறும் தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம். பிரஷர் மாத்திரையை வழக்கம்போல ஒரு வாய்த் தண்ணீரோடு போடச் சொல்வார்கள், சர்க்கரை மாத்திரையையும் இன்சுலினையும் சாப்பாட்டோடு. இதை மட்டும் முந்தைய நாளே உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மகனுக்கும் ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். நோட்டைப் போட்டோ எடுத்து அனுப்பி, கம்ப்யூட்டரில் ஏற்றி வைக்கச் சொன்னேன். இப்போது அவன் 87-ஐ விட்டுவிட்டுக் கிரியாட்டினினுக்குக் கோடு வரைந்து அனுப்புகிறான். போன வாரம் கேட்டான், "அப்பா, இந்த வருஷம் ரத்தம் எப்பக் குடுக்கறீங்க?"

திங்கட்கிழமை என்றுதான் வைத்திருந்தோம். ஞாயிற்றுக்கிழமை மச்சினன் வீட்டில் கறிவிருந்து, அதனால் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு அளவு கோட்டைத் தாண்டிவிடும் என்று மனைவி வியாழக்கிழமைக்கு மாற்றிவிட்டாள்.